அபாத்திரமாய்ப் புசித்தவர் யார்?

(மாணவர், இளைஞர் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கள்ளப்போதகம்' என்கிற வார்த்தையைச் சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். வேற சபைக்காரங்க எங்க தெருவுக்கு வந்து பாட்டுப் பாடினா கள்ளப்போதகம். வீடு வீடா வந்து புத்தகம் கொடுத்தா கள்ளப்போதகம். ஐயர் பிரசங்க பீடத்திலிருந்து எச்சரிப்பார், உபதேசியார் வீட்டுக்கு வந்து எச்சரிப்பார். அதே கோயில்ல முன்வரிசை பெஞ்சு ஊர்க்காரங்களுக்கு, பின்னால பாய் நமக்கு. திருவிருந்துக்கு அவங்க எழுந்து போய் வந்த பிறகுதான் நாம எழுந்திருக்கணும். கல்லறைத் தோட்டத்தில நடுவில சுவர். இதை யாரும் கள்ளப்போதகம்னு சொன்னதில்லை. இதுக்கு 'ஊர்ப் பழக்கம்'னு பேர். இந்தப் பெயர் மாற்றத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதல்ல ஒன்று. பிசாசுக்கும் வேதம் தெரியும். மத்தேயு நாலாம் அதிகாரத்தைப் பிரிச்சுப் பாருங்க. இயேசுவை ஆலயத்து உச்சியில நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிப் பிடிப்பாங்கன்னு 91ஆம் சங்கீதத்தை எடுத்து விடுறான். அந்தச் சங்கீதம் சொல்வது, ஒருவன் நடக்கிற வழியெல்லாம் அவனுக்குக் காவல் உண்டு என்பது. 'வழி' என்கிற பகுதியைப் பிசாசு முழுங்கிட்டான். நடக்கிறவனுக்குக் கொடுத்த வாக்கை, வித்தை காட்டக் குதிக்கிறவனுக்குப் பொருத்திட்டான். அடுத்த வசனம் சிங்கத்தையும் பாம்பையும் மிதிக்கிறது பற்றி. அதைத் தொடவே இல்லை. இயேசுவும் பதிலுக்கு வேதத்தைத் தூக்கி எறியலை. வேதத்தின் இன்னொரு இடத்தை எடுத்து வைத்தார். பொய்ப்போதனை என்பது வேதத்துக்கு வெளியிலிருந்து வருகிறதில்லை. பெரும்பாலும் பாதி வசனமாக வருகிறது.

நோவா கதைக்கு வருவோம். ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரம். கறுப்பின மக்கள் காமின் வம்சம், காம் சபிக்கப்பட்டவன், ஆகவே அவங்க அடிமைகள் என்று அமெரிக்கத் தோட்ட முதலாளிகளின் போதகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரசங்கித்தார்கள். பக்கத்தைத் திறந்து நிதானமா வாசிச்சா என்ன இருக்கு? நோவா குடிச்சிட்டு ஆடை விலகிக் கிடக்கிறான். பார்த்தது காம். சாபம் விழுந்தது காம் மேல் இல்லை, அவன் மகன் கானான் மேல். சபித்தது கடவுள் இல்லை, போதை தெளிஞ்சு எழுந்த நோவா. அதே அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே நோவாவையும் அவன் பிள்ளைகளையும், காமையும் சேர்த்து, கடவுள் ஆசீர்வதிச்சாச்சு. பத்தாம் அதிகாரத்தில் காமின் பிள்ளைகள் நாலு பேர்: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். ஆப்பிரிக்காவோடு சேர்த்துப் பேசப்படுகிறவர்கள் முதல் மூன்று பேர். அவங்க மேல சாபமே இல்லை. கானான் சந்ததி இருந்தது பாலஸ்தீனத்தில். கோடிக்கணக்கான மக்களைக் கப்பலில் அடைச்சு விற்றதுக்கு இறையியல் ஆதாரம் இவ்வளவுதான். ஒரு தடவை ஒழுங்கா வாசிச்சா நிற்காத ஆதாரம்.

1807இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே பொறுக்கித் தொகுத்தது. எகிப்திலிருந்து அடிமைகள் வெளியேறுகிற கதை அதில் கிடையாது. அடிமை, சுயாதீனன் என்கிற பேதம் கிறிஸ்துவுக்குள் இல்லை என்கிற கலாத்தியர் வசனம் கிடையாது. எஜமானுக்குக் கீழ்ப்படி என்கிற எபேசியர் பகுதி பத்திரமா இருக்கு. கத்தரித்தவனுக்கு வேதம் நல்லாவே புரிஞ்சிருக்கு, தோழர்களே. எந்த வசனம் ஆபத்தானதுன்னு நம்மை விடச் சரியாகத் தெரிஞ்சு வச்சிருந்தான்.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததும் நமக்கு ரொம்பப் பக்கம். டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் சினாடு 1857இல் என்ன சொன்னது? வெள்ளையரும் கறுப்பரும் ஒரே சபையாய்க் கூடுவதுதான் வேதத்துக்கு ஒத்தது. ஆனாலும் சிலருடைய 'பலவீனத்தை' முன்னிட்டுத் தனியாகக் கூடட்டும் என்றது. முதலில் சலுகை. பிறகு 1881இல் தனித் திருச்சபை. அப்புறம்தான் பாபேல் கோபுரம் வருகிறது: கடவுளே இனங்களைப் பிரித்தார், அதனால் பிரிவினை தெய்வ சித்தம்! பெஞ்சு முதல்ல பிரிஞ்சது, வசனம் பின்னால தேடப்பட்டது. 1982இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பு, நிறவெறி பாவம், அதற்குச் சொல்லும் இறையியல் நியாயம் கள்ளப்போதகம் என்று அறிவித்து, வெள்ளையர் திருச்சபைகள் இரண்டை இடைநீக்கம் செய்தது. 'வருந்துகிறோம்' என்று சொல்லி நிறுத்திக்கவில்லை. அந்தச் சொல்லையே போட்டார்கள்.

இங்கே? கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இலேயே சபைக்குள் சாதிப் பாகுபாடு உடனே ஒழியணும்னு சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பலர் சபையை விட்டே போனார்கள். சாதி வெறும் நாகரிக வழக்கம், விசுவாசத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை என்பது அவங்க வாதம். இதற்குள் ஒரு வேடிக்கையும் உண்டு. கிறிஸ்தவனுக்குச் சாதி இல்லைன்னு 1950 ஜனாதிபதி ஆணையைக் காட்டி அரசாங்கம் நமக்கு எஸ்.சி. உரிமையை மறுக்குது. கல்லறைச் சுவரோ இருக்குன்னு சொல்லுது.

நம்ம ஊர்ப் பிரசங்கங்களில் இதற்குக் கைகொடுக்கிற வசனம் 1 கொரிந்தியர் 7:20. அவனவன் அழைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கணும் என்பது. அப்பா செய்த தொழிலைச் செய், இருக்கிற இடத்தில இரு. நல்லது, அடுத்த வரியை வாசிங்க. அடிமையா இருக்கிறவனுக்கு விடுதலை கிடைக்கும்னா அதைப் பயன்படுத்திக்கோன்னு அதே பவுல் எழுதுகிறார். இரண்டு வசனம் தள்ளி, மனுஷருக்கு அடிமையாகாதேங்கிறார். இருபதோடு நிறுத்தினவருக்கு இருபத்தொன்றும் இருபத்துமூன்றும் கண்ணில் படவில்லையா?

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார், கேட்கணும். 1927 டிசம்பர் 25இல் மகத்தில் மனுஸ்மிருதியைக் கொளுத்தின அண்ணல், 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் இந்த வேலையையே கண்டித்தாரே? சாத்திரத்துக்கு நல்ல வியாக்கியானம் சொல்லித் தப்பிக்க முடியாது, மக்கள் அதை எப்படிப் புரிஞ்சு நடக்கிறாங்கங்கிறதுதான் கணக்கு, சாத்திரத்தின் அதிகாரத்தையே தகர்க்கணும் என்றாரே? இந்தக் கேள்விக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை. வியாக்கியானத்தால் மீட்க முடியாத பகுதிகள் வேதாகமத்தில் இருக்கு. லேவியராகமம் 25, அந்நிய ஜாதிகளிலிருந்து அடிமைகளை வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக வைக்க அனுமதிக்கிறது. 1 பேதுரு 2, முரட்டு எஜமானுக்கும் கீழ்ப்படியச் சொல்கிறது. இதுக்கெல்லாம் பூச்சுப் பூசுகிறவன் இன்னொரு கள்ளப்போதகன்.

அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் தன் பாட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். அடிமையாகப் பிறந்தவர், எழுத்து தெரியாதவர். பேரனை வேதம் வாசிக்கச் சொல்வார், ஆனால் பவுலின் நிருபங்களை வாசிக்க விடமாட்டார், அன்பைப் பற்றிய அதிகாரம் தவிர. எஜமானின் போதகர் பவுலைக் காட்டியே அவர்களை அடங்கச் சொன்னதால், விடுதலையானால் அந்தப் பகுதியை வாசிக்கிறதில்லைன்னு சபதம் எடுத்திருந்தாராம். இதுவும் வியாக்கியானம்தான். எங்கள் இறையியல் கல்லூரியில் இதைச் சொல்லித் தரவில்லை.

எங்க ஆயா தலைமாட்டில வேதாகமத்தை வச்சுக்கிட்டுத்தான் தூங்கும். கொளுத்துன்னு அதுகிட்ட சொல்ல எனக்கு வாய் வராது, சொன்னாலும் கேட்காது. ஆயாவுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் நடுவில உட்கார்ந்திருக்கிறது யாருன்னு காட்ட முடியும். அதுக்காகத்தான் சனிக்கிழமை ராத்திரி எங்க தெருவில பத்துப் பதினைஞ்சு பேர் கூடி வாசிக்க ஆரம்பிச்சோம்.

ஒரு சனிக்கிழமை 1 கொரிந்தியர் 11. திருவிருந்து ஞாயிறு வந்தாலே எங்க ஜனங்களுக்குப் பயம். அபாத்திரமாய்ப் புசித்தால் ஆக்கினைன்னு ஐயர் சொல்வார். சினிமா பார்த்தது, பீடி குடிச்சது, புருஷன்கிட்ட எதிர்த்துப் பேசினது எல்லாம் அபாத்திரம். எங்க சித்தி ஒருத்தி பயந்து வருஷக்கணக்கா எடுக்கவே இல்லை. நாங்க 27ஆம் வசனத்திலிருந்து ஆரம்பிக்காம, 17ஆம் வசனத்திலிருந்து வாசிச்சோம். கொரிந்து சபையில் நடந்தது என்ன? வசதியானவங்க முந்தி உட்கார்ந்து சாப்பிட்டுக் குடிச்சு வெறிக்கிறாங்க. இல்லாதவங்க பட்டினி கிடக்கிறாங்க. இல்லாதவங்களை வெட்கப்படுத்துறீங்களான்னு பவுல் சீறுகிறார். இப்படிச் சாப்பிடுறதைத்தான் அபாத்திரம்ங்கிறார். கடைசியில தீர்வும் ஒண்ணுதான்: ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருங்க. சினிமாவும் இல்லை, பீடியும் இல்லை. பந்தி வேற்றுமை.

வாசிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் எங்க ஆயா கேட்டுச்சு: "அப்போ இத்தனை வருஷமா முந்திப் போய் எடுத்தவங்கதானடா அபாத்திரமா எடுத்திருக்காங்க? நம்மளை எதுக்குடா பயமுறுத்தினாரு?"

அடுத்த திருவிருந்துக்கு சித்தி போனா. முதல் வரிசையிலேயே போய் முழங்கால் போட்டா. ஐயர் அப்பத்தைக் கையில வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நின்னார், அப்புறம் கொடுத்தார். அவளுக்கு அடுத்து இருந்த இரண்டு பேர் எழுந்து போயிட்டாங்க. சபைக் கமிட்டியில் அவ மேல புகார் கொடுத்தாங்க, ஒழுங்கைக் கெடுத்தாள்னு. நாங்களும் ஒரு மனு கொடுத்திருக்கோம். அதில் 'ஊர்ப் பழக்கம்' என்கிற வார்த்தையை எங்கேயும் போடலை. கள்ளப்போதகம்னு எழுதி, கீழே வசன எண்களையும் கொடுத்திருக்கோம். பதில் இன்னும் வரலை. கல்லறைச் சுவர் பற்றிய மனுவைத் தயாரிச்சுக்கிட்டிருக்கோம், எபேசியர் இரண்டாம் அதிகாரத்தை வச்சு.