பச்சோந்திக் கூண்டுக்கு வெப்பம் எங்கிருந்து வரவேண்டும்?

பச்சோந்தி தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாமல் சுற்றுப்புறத்திலிருந்து பெற்று வாழ்கிறது. இத்தகைய உயிரினங்களை உயிரியலார் புறவெப்ப விலங்குகள் என்பர். மரக்கிளையில் வாழும் அதற்கு வெப்பம் வெயிலாக மேலிருந்து வருகிறது, ஒளியோடு சேர்ந்து வருகிறது, இரவில் நின்றுவிடுகிறது. கூண்டில் வளர்ப்போர் எந்த வெப்பக் கருவியை வாங்குவது என்று தீர்மானிக்க இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டாலே போதும். ஊர்வனவற்றுக்கென்று விற்கப்படும் கருவிகளுள் பல இவற்றில் ஏதேனும் ஒன்றில் தவறிவிடுகின்றன.

இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தியை 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் காப்பதால், அதைப் பிடித்து வளர்க்கும் பேச்சுக்கே இடமில்லை. இங்கே கருதப்படுவது, மேலைநாடுகளில் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டு விற்கப்படும் ஏமன் பச்சோந்தி. ஏமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட இவ்வினத்தின் தலைமீது உயரமான கொண்டை ஒன்று உண்டு. விளக்கு மிக அருகில் இருந்தால் முதலில் வெந்துபோவது அந்தக் கொண்டைதான்.

இவ்விலங்குக்குப் பொருத்தமானது ஹாலஜன் விளக்கோ பழைய குண்டு பல்போ ஆகும். சூடேறிய டங்ஸ்டன் இழை ஒளியோடு கூடவே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களையும் மிகுதியாக வெளியிடுகிறது. அவற்றுள் அலைநீளம் குறைந்தவை வெயிலில் உள்ளவற்றைப் போலத் தோலைக் கடந்து சற்று உள்ளே செல்கின்றன. ஒளி தராத செராமிக் ஹீட்டரின் கதிர்களோ அலைநீளம் கூடியவை. அவை தோலின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுவதால், உள்ளுடல் போதிய அளவு சூடேறுமுன் தோல் கொதித்துவிடக்கூடும். எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்துக்கு நல்லது, வெப்பத்துக்கு உதவாது. எலும்பு வளர்ச்சிக்கு வேண்டிய வைட்டமின் டி3 தோலில் உருவாவதற்கான புற ஊதாக் கதிர் விளக்கு வேறு. வெப்ப விளக்கு அதற்கு மாற்றாகாது.

கூண்டின் அடியில் விரிக்கும் வெப்ப விரிப்பும் சூடேற்றும் கல்லும் பச்சோந்திக்கு அறவே பொருந்தாதவை. வெப்பத்தை மேலிருந்தே எதிர்பார்த்துப் பழகிய உடல், கீழிருந்து தாக்கும் சூட்டை உணர்ந்து விலகத் தாமதிப்பதால், அடிவயிறு வெந்துபோகும் வரை அது அங்கேயே இருந்துவிடலாம். இரவில் எரியவிடப்படும் சிவப்பு பல்பும் வேண்டாதது. அதன் ஒளி உறக்கத்தைக் கெடுக்கிறது.

விளக்கைத் தேர்ந்தெடுப்பதைவிட அதைப் பொருத்துவதிலேயே கவனம் மிகுதியாக வேண்டும். விளக்கைக் கூண்டுக்குள் தொங்கவிடாமல் மேல்வலைக்கு வெளியே, அதற்குச் சற்று உயரத்தில் வைக்கவேண்டும். ஏனெனில் பச்சோந்தி வலையையே பற்றித் தலைகீழாகத் தொங்கி விளக்கை நெருங்கும் வழக்கமுடையது. வெப்பமானியைக் கிளைமீது வைத்து அளப்பதும் ஏமாற்றமே தரும். கிளையில் அமரும் விலங்கின் முதுகும் கொண்டையும் எட்டும் உயரத்தில்தான் அளக்கவேண்டும். அங்கே வளர்ந்த ஆணுக்கு 29 முதல் 32 பாகை செல்சியஸ் வரை போதும். பெண்ணுக்குச் சற்றுக் குறைவாக வைப்பது, அளவுக்கு மீறி முட்டை உருவாவதைக் கட்டுப்படுத்த உதவும். கூண்டின் கீழ்ப்பகுதி குளிர்ச்சியாகவே இருக்கவேண்டும், விலங்கு வேண்டியபோது இறங்கிவரும்.

இரவுக் குளிரைக் கண்டு வளர்ப்போர் அஞ்சுவது பெரும்பாலும் தேவையற்றது. ஏமன் பச்சோந்தியின் நாக்கை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வொன்று, குளிரில் நாக்கை உள்ளிழுக்கும் வேகம் வெகுவாகக் குறைந்தாலும், அதை எய்யும் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை என்று காட்டியது. நாக்கிலுள்ள மீள்திசு வில்லைப்போல முன்கூட்டியே இழுத்துவைக்கப்படுவதே இதற்குக் காரணம். வெயில் ஏறுமுன்பே இரை பிடிக்க வல்ல இவ்விலங்குக்கு, அறை 15 பாகைக்கும் கீழே வெகுவாக இறங்கினாலன்றி இரவில் ஹீட்டர் தேவைப்படாது. தேவைப்பட்டால் செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு இணைத்துப் பயன்படுத்தலாம்.

பொருத்திய விளக்கு சரிதானா என்பதை விலங்கே காட்டிவிடும். காலையில் அது உடலைத் தட்டையாக்கி, நிறத்தை அடர்த்தியாக்கி, விளக்கை நோக்கிப் பக்கவாட்டில் நிற்பது இயல்பு. நண்பகலிலும் அதே கறுத்த நிறத்தோடு விளக்கடியை விட்டு நகராவிட்டால் வெப்பம் போதவில்லை என்றும், வெளிறிய உடலோடு வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் வெப்பம் மிகுந்துவிட்டது என்றும் கொண்டு, டிம்மரைத் திருப்பியோ விளக்கின் உயரத்தை மாற்றியோ சரிசெய்யவேண்டும்.