மீண்டும் தூரிகை

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் என்ன செய்வதாக எண்ணம் என்று கேட்டால், கோயில், பேரக்குழந்தை, ஊர்ப்பயணம் என்று நம்மவர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். டில்லியில் நம் அண்டை வீட்டுப் பெரியவர் மட்டும் சற்றே தயங்கி, "படம் போடலாம் என்றிருக்கிறேன்" என்றார். கும்பகோணத்தில் பள்ளியில் படித்த நாளில் சித்திரப் பாடத்தில் லோயர், ஹையர் என்னும் இரு பரீட்சைகளிலும் தேறியவர் அவர். பின்பு 36 ஆண்டுகள் கணக்கு வேலை. அவ்வளவு காலமும் அவர் கை இழுத்தவை பேரேட்டுக் கோடுகளே.

முதலில் காவிரிப் படித்துறையை நினைவிலிருந்து வரைந்தார். கோபுரம் இருந்தது, படிகள் இருந்தன, குடம் சுமந்த பெண்ணும் இருந்தாள், காவிரியைத்தான் காணோம். "காலண்டர் படம்" என்று தாமே சொல்லிக் கிழித்தெறிந்தார். இவ்வாறு எத்தனையோ தாள்கள் போயின. ஊரை விட்டு வந்தோர்க்கு நேரும் இடர் இது. நெடுநாள் எண்ணி எண்ணி ஏங்கிய இடம், நாளடைவில் வழவழப்பாகிப் போகிறது. கை அதைப் பற்ற முயன்றால் வழுக்குகிறது. "கை செத்துவிட்டது" என்று அவர் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க நமக்குத் துணிவில்லை.

அவரை ஜெய்ப்பூர் மாளிகையிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கே ரவீந்திரநாத தாகூரின் ஓவியங்கள் முன் நெடுநேரம் நின்றார்.

தாகூர் சிறு வயதில் வீட்டில் சித்திரம் பயின்றவர்தாம். ஆனால் கவிதையும் பாட்டும் நாடகமும் அவரை ஆட்கொண்டுவிட்டன. 1924-ஆம் ஆண்டின் இறுதியில், தமது 63-ஆம் வயதில், ஆர்ஜென்டைனாவில் நோயுற்று, விக்டோரியா ஒகாம்போ என்னும் அம்மையாரின் விருந்தினராகத் தங்கியிருந்தார். அப்பொழுது 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப் படியில், வேண்டாமென்று அடித்த சொற்களைக் கோடுகளால் இணைத்துக்கொண்டே போனார். அடித்தல் பறவையாயிற்று, திருத்தம் விலங்காயிற்று. தமிழில் 'எழுதுதல்' என்ற சொல் கவிதைக்கும் ஓவியத்துக்கும் பொதுவாக வழங்குவதை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளில் தனித்தாளில் வரையலானார். 1930-இல் பாரிஸ் நகரில் அவருடைய ஓவியக் காட்சி நடந்தது. 1941-இல் மறையும் வரை எழுதிய படங்கள் 2000-க்கும் மேல். எழுதும் மையே வண்ணமாயிற்று. தூரிகை இல்லாவிடில் துணியும் விரலும் போதும். சிவப்பைப் பிரித்துணரும் ஆற்றல் அவர் கண்ணுக்குக் குறைவு என்று ஆராய்ந்தோர் சிலர் கருதுவர். பெரும்பாலான படங்களுக்கு அவர் பெயரே இடவில்லை. இன்னதை வரையப்போகிறோம் என்று முன்கூட்டி முடிவு செய்தால்தானே பெயர் வேண்டும்?

இதை எளிய ஆறுதலாக எடுத்துக்கொள்வதும் பிழை. அந்த அடித்தல்களுக்குப் பின்னால் ஐம்பதாண்டு சந்தப் பழக்கம் இருந்தது. நாம் கோப்புகளில் அடித்த வரிகளிலிருந்து இதுவரை ஒரு கொக்குகூட எழுந்ததில்லை!

ஆயினும் பெரியவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். காவிரியை ஒதுக்கினார். மாசி மாதம், எதிரேயுள்ள பூங்காவில் இலவ மரம் இலையின்றிச் செம்பூ பூத்து நின்றது. வீட்டு அம்மாள், "36 வருஷம் இலவு காத்தது போதாதா?" என்று கேட்டு நகைத்தார். அவரோ மையைத் தொட்டு முதற்கிளையை இழுத்தார். பேரேட்டுக் கோடுபோல் நேராக வந்தது. கிழிக்கப் போனவர், நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். இலவத்தின் கிளைகளே அப்படித்தான்; அடுக்கடுக்காக, தண்டிலிருந்து கிடையாக நீள்பவை. எந்தக் கையை அவர் செத்ததென்று நினைத்தாரோ, அந்தக் கணக்கர் கையே மரத்தை நிறுத்திவிட்டது. பூக்கள் மட்டும் சரியாக வரவில்லை. ஒரு கிளையில் மை சொட்டி, அது காக்கையாகிவிட்டது. காக்கையை அவர் அழிக்கவில்லை.

அந்தத் தாளை அம்மாள் சுவரில் ஒட்டியிருக்கிறார். காவிரியைப் பற்றிக் கேட்டோம். சித்திரையில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும், அதையும் வரைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.