புனித பிலிப்பு நேரியின் பூனை

(மே 26, புனித பிலிப்பு நேரி திருநாளையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



மே மாதக் கடைசியில் எங்கள் ஜூஜுவாடிப் பக்கம் வந்தால் தெருவுக்கு ஒரு டாடா ஏஸ் வண்டி நிற்பதைப் பார்க்கலாம். பீரோ, கட்டில், கிரைண்டர், மேலே கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீடு மாறிவிட வேண்டும். தவறினால் ஆடி வந்துவிடும், ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். (நம் கிறிஸ்தவர்களும் ஆடி பார்க்கிறார்கள் என்பது சாமியாருக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.) சிப்காட் கம்பெனிகளில் ஷிப்டு பார்த்து, லைன் வீடுகளில் பத்துப் பன்னிரண்டு வருடம் வாடகை கட்டி, கடைசியில் வங்கிக் கடன் வாங்கி, பாகலூர் சாலையிலோ, எல்லை தாண்டி அத்திப்பள்ளி, சந்தாபுரா பக்கமோ ஒரு பிளாட் வாங்கிப் போகிறார்கள். போகுமுன் வீடு மந்திரிக்கத் தேதி கேட்டுப் பங்கு இல்லத்துக்கு வருகிறார்கள்.

அப்படி வந்த ஒரு குடும்பத்தில், அப்பாவும் அம்மாவும் தேதி பேசிக்கொண்டிருக்க, ஐந்தாம் வகுப்பு முடித்த மகள் நடுவில் புகுந்து கேட்டாள்: "ஃபாதர், எங்க பூனைங்கள என்ன பண்றது? அப்பா சாக்குல கட்டி அத்திப்பள்ளி தாண்டி விட்டுடலாம்கிறாரு."

அப்பா தலை குனிந்தார். "மூணு பூனைங்க சாமி. நமக்கு நாலாவது மாடி. வேற என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார். கெட்ட மனிதர் அல்ல. பத்து வருடமாக இரவு ஷிப்டு முடிந்து வரும்போது கறிக்கடையில் கோழிக் கழிவு கேட்டு வாங்கி வருகிறவரே அவர்தான். வீட்டுக் கடன், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, புதுப் பள்ளிக் கட்டணம் என்று தலைக்கு மேல் இருக்கும்போது, பூனை என்பது கடைசியில் நினைவுக்கு வரும் ஒன்று. அதனால்தான் அது சாக்கில் முடிகிறது.

இன்று நாம் திருநாள் கொண்டாடும் புனிதருக்கும் இதே சிக்கல் வந்தது. பிலிப்பு நேரி 1515-இல் பிளாரன்சில் பிறந்தவர். நம் சவேரியாரோடு ஒரே நாளில், 1622 மார்ச் 12-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். ரோமையில் சான் ஜிரோலமோ என்ற கோவிலை ஒட்டிய ஓர் அறையில் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய சபைக்கு வல்லிசெல்லா என்ற இடத்தில் புதிய கோவில் எழும்பிய பிறகும் பழைய அறையை விட்டு அவர் நகரவில்லை. கடைசியில் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியே கட்டளையிட வேண்டியதாயிற்று. நாம் சுவரில் மாட்டும் நாள்காட்டியைச் சீர்திருத்திய அதே திருத்தந்தை. 1583 நவம்பரில், 68 வயதில், பிலிப்பு வீடு மாறினார். அவருடைய சட்டி பானைகளைச் சீடர்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு தெரு வழியே ஊர்வலம் போனார்கள், பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

சட்டி பானை போயிற்று. பூனை போகவில்லை. அது பழைய இடத்திலேயே இருந்தது. பிலிப்பு என்ன செய்தார் தெரியுமா? தினமும் ஒரு சீடரைச் சான் ஜிரோலமோவுக்கு அனுப்பினார். பூனைக்கு உணவு வைத்துவிட்டு வர வேண்டும். திரும்பி வந்ததும், கர்தினால்மார் உட்கார்ந்திருந்தாலும் சரி, எல்லார் முன்னிலும் கேட்பார்: பூனை எப்படி இருக்கிறது, இன்று என்ன சாப்பிட்டது, பசியாகச் சாப்பிட்டதா? ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆண்டுக் கணக்கில் இது நடந்தது. அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் இதைச் சீடர்களுக்குக் கொடுத்த தாழ்ச்சிப் பயிற்சி என்பார்கள். உண்மைதான். பெரிய இடத்துப் பிள்ளைகள் பூனைச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் போவது சாதாரணப் பயிற்சி அல்ல. ஆனால் பயிற்சிக்கு எத்தனையோ வழி இருக்க, பூனைக்கும் வயிறு நிறையும் வழியை அவர் தேர்ந்தெடுத்தார் என்பதை நான் விட்டுவிட மாட்டேன்.

கவனியுங்கள், அவர் பூனையைக் கூடவே தூக்கிக்கொண்டு போகவில்லை. அன்பு இருந்தால் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. நாய் ஆளோடு வரும். தோபித்து நூலில் தோபியாவின் பின்னால் ஒரு நாய் நடந்து போவதைப் படித்திருப்பீர்கள். வெளியிலேயே வளர்ந்த பூனைக்கு ஆளைப் போலவே இடமும் முக்கியம். எந்தச் சுவர் ஏறலாம், எந்த வீட்டு நாய் கட்டி இருக்கும், எந்தக் கூரையில் காலை வெயில் விழும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அதற்கு வீடு. (பூனை நம் விவிலியத்தில் எங்கே வருகிறது என்று தேடினால், பாரூக்கு நூல் ஆறாம் அதிகாரத்தில் பாபிலோனியச் சிலைகளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதன் குணம் அன்றும் இதுதான்.)

ஆகவே சாக்குப் பழக்கத்தை முதலில் விடுங்கள். "மார்க்கெட் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்பது நாம் நமக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். புது இடத்தில் ஏற்கெனவே இருக்கும் பூனைகளும் நாய்களும் அதை விடாது. அது பழைய வீட்டைத் தேடித்தான் புறப்படும். மாநில எல்லை தாண்டி விட்டால் வராது என்று அந்த அப்பா நினைத்தார். செக்போஸ்ட் லாரிகளுக்குத்தான், பூனைக்கு அல்ல. ஆனால் நடுவில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது. அதைக் கடக்கும் பூனைகளின் கதி காலையில் அந்தப் பக்கம் போகிற எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று அதைவிடப் பெரியது. சாக்கு வேலை இரவில்தான் நடக்கும். காலையில் பிள்ளையிடம் "அதுவே ஓடிப் போச்சு" என்று சொல்வோம். பிள்ளை நம்பாது. நம்பாததை வெளியே சொல்லவும் செய்யாது. பேச முடியாத, பயன் முடிந்துபோன உயிரை வீட்டார் என்ன செய்வார்கள் என்பதை அது அன்று தெரிந்துகொள்ளும். மனிதரையும் பூனையையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் ஒரு கொடுமைக்குப் பழகிய மனது மற்றதற்கும் பழகும் என்பதை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015 மே 24-இல் கையொப்பமிட்ட சுற்றுமடலில் தெளிவாக எழுதியிருக்கிறார். பாட்டி அந்த நேரம் பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

சரி, என்ன செய்வது? மூன்று பூனைகளையும் "பூனைகள்" என்று ஒரே மூட்டையாகப் பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பேசலாம் என்றேன். அம்மாதான் எல்லாவற்றையும் சொன்னார்.

பெரியது தாய்ப் பூனை, ஏழு வயது. ஒரு நாளும் வீட்டுக்குள் படுத்ததில்லை. மழையென்றால் ஷீட்டுக்கு அடியில், மற்ற நாளில் மதில் மேல். இதை நாலாவது மாடியில் பூட்டினால் கதவடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கும். இரண்டு வீடு தள்ளி ஓர் அம்மா தனியாக இருக்கிறார், அவரும் அதற்குச் சோறு வைக்கிறவர்தான். அங்கே விடுவதுதான் சரி. ஆனால் விடுவது வேறு, ஒப்படைப்பது வேறு. அந்த அம்மாவிடம் போய், "இனி இது உங்கள் பொறுப்பு, சம்மதமா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். முடிந்தால் மாதம் ஒரு சிறு தொகை உணவுக்குக் கொடுக்க வேண்டும். புறப்படுமுன் கருத்தடை அறுவை சிகிச்சையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடித்துக் கொடுக்க வேண்டும். கருத்தடை என்ற சொல்லைச் சாமியார் வாயில் கேட்டு யாரும் திடுக்கிட வேண்டாம். திருமணத்தைப் பற்றித் திருச்சபை சொல்வது பூனைக்குச் சொன்னதல்ல. பூனையின் கர்ப்பம் ஒன்பது வாரம்தான், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை குட்டி போடும். அத்தனையையும் பக்கத்து வீட்டு அம்மாவின் தலையில் கட்டிவிட்டு நாம் லிப்டில் ஏறிப் போவது நியாயமா?

இரண்டாவது ஒரு கடுவன். விசாரித்ததில் அதற்கு மூன்று வீட்டில் மூன்று பெயர் இருப்பது தெரிய வந்தது. சிரித்துவிட்டோம். அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மற்ற இரண்டு வீட்டிலும் "நாங்கள் போகிறோம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் போதும்.

மூன்றாவது எட்டு மாதக் குட்டி. பிள்ளையின் காலடியில் தூங்குவது. இது புது வீட்டுக்குப் போகலாம். வயது குறைவு, வீட்டுக்குள் பழக்கம் இருக்கிறது. முதல் சில நாள் ஒரே அறையில், அது படுத்திருந்த பழைய துணியையே போட்டு வைக்க வேண்டும். ஒரு தட்டில் மணல். பால்கனிக்கும் சன்னல்களுக்கும் வலை. பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்பதை நம்பி நாலாவது மாடியில் சோதிக்கக் கூடாது. பாலும் சோறும் மட்டும் போதாது, பூனைக்கு இறைச்சியோ மீனோ வேண்டும். புது இடத்துப் பயத்தில் இரண்டு நாளுக்கு மேல் எதுவும் தின்னாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடுக்குமாடிச் சங்கம் ஒத்துக்கொள்ளுமா என்று அப்பா கேட்டார். வளர்ப்புப் பிராணிகளுக்கு அப்படி முற்றாகத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் சண்டையில் தொடங்காதீர்கள், முதலில் பக்கத்துக் கதவைத் தட்டி அறிமுகமாகுங்கள் என்றேன்.

பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லாதவர்கள் வேறு வீடு தேடித்தான் ஆக வேண்டும். அதில் பாவமும் இல்லை, வெட்கமும் இல்லை. தளி, பேரிகைப் பக்கம் கேழ்வரகு மூட்டையை எலி தின்கிறதென்று பூனை தேடுகிற விவசாயக் குடும்பங்கள் உண்டு. ஆனால் நீங்களே நேரில் கொண்டுபோய், வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மூன்று வாரம் உள்ளேயே அடைத்து வைத்துச் சோறு போடச் சொல்லுங்கள். முதல் நாளே திறந்துவிட்டால் அது உங்கள் பழைய வீட்டுக்கு நடக்கத் தொடங்கிவிடும். இதற்கெல்லாம் ஒரு மாதமாவது வேண்டும். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு யோசித்தால் சாக்குதான் கையில் வரும்.

செலவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2416-ஆம் எண்ணில் அசிசியாரையும் நம் பிலிப்பு நேரியையும் பெயர் சொல்லியே நினைவுகூர்ந்து, விலங்குகளுக்குப் பரிவு காட்டச் சொல்கிறது. அடுத்த எண்களிலேயே, மனிதரின் துயர் நீக்கச் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குக் கொட்டுவது முறையல்ல என்றும் சொல்கிறது. ஆகவே மாமியாரின் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூனைக்குப் பாக்கெட் உணவு வாங்கச் சொல்லி எந்தச் சாமியாரும் சொல்ல மாட்டார். ஆனால் நான் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதிக்குப் பணமே வேண்டாம். பக்கத்து வீட்டில் போய்க் கேட்பதற்கு என்ன செலவு? நம் ஊரில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. 1824 முதல் கால்நடைப் பண்ணை நடக்கும் ஊர் ஓசூர், மருத்துவருக்குப் பஞ்சமில்லை.

சட்டமும் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் என்ற நம் சென்னைப் பெண்மணி மாநிலங்களவையில் விடாமல் பேசிய பேச்சின் பலனாக 1960-இல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு அதில் எழுதியிருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்று டீயும் வடையும் அந்தக் காசுக்கு வரும். எனவே அபராதத்துக்குப் பயந்து நீங்கள் எதையும் செய்யப் போவதில்லை. யோனா நூலின் கடைசி வரியில், நினிவே நகரை ஏன் அழிக்கவில்லை என்று இறைவாக்கினருக்குப் பதில் சொல்லும் ஆண்டவர், ஓர் இலட்சத்து இருபதாயிரம் மக்களைச் சொல்லிவிட்டு, அங்கே விலங்குகளும் நிறைய இருக்கின்றனவே என்கிறார். அந்த நூல் அத்தோடு முடிகிறது.

கடைசியாக ஒன்று. வீட்டை விட்டுப் போகிறவர்களுக்கே இவ்வளவும் சொன்னேன். காலியான அந்த லைன் வீடுகளுக்கு அடுத்த வாரம் புதிதாகக் குடி வருகிறவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். சாமான் இறக்கிய முதல் மாலை, வழக்கமான நேரத்துக்கு ஒரு பூனை வந்து உங்கள் வாசலில் நிற்கக்கூடும். விரட்டக் கல் எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டில் போய் விசாரியுங்கள், அதற்கு ஒரு பெயர் இருக்கும். இதுவரை சோறு வைத்தவர் யார், இனி யார் வைப்பதாக ஏற்பாடு என்பதும் அங்கே தெரியும். ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் மறுநாள் காலைப் பூசைக்கு வரும்போது என்னிடம் சொல்லுங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.