ஆள்நுழைகுழியும் பொறியியல் பாடநூலும்

(மாணவர் தோழர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சுற்றுச்சூழல் பொறியியல் பயில்வோருக்கு வரலாறும் சமூகவியலும் எதற்கு என்று கேட்கிறார்கள். கொல்கத்தாவிலிருந்து விடை தேடலாம்.

1980களின் தொடக்கத்தில், நகரின் கழிவுநீரை என்ன செய்வது என்று ஆராயும் பணி மேற்கு வங்க அரசின் பொறியாளர் துருபஜோதி கோஷிடம் வந்தது. பாடநூலை மட்டும் நம்பியிருந்தால் சுத்திகரிப்பு நிலையத்திற்கு வரைபடம் தீட்டியிருப்பார். அவரோ கழிவுநீர் போகும் வழியே கிழக்கு நோக்கிச் சென்றார். அங்கே ‘பேரி’ எனப்படும் ஆழமற்ற குளங்களில் அந்த நீரைத் தேக்கி மக்கள் மீன் வளர்த்தனர். வெயிலும் பாசியும் நுண்ணுயிரும் நீரைத் தூய்மைப்படுத்தின. எப்போது, எவ்வளவு நீர் விடவேண்டும் என்பதை மீனவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். சூழலியலில் முனைவர் பட்டமும் பெற்ற கோஷ், அவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டார்.

குளம் யாருக்குச் சொந்தம், நிலத்தின் விலை ஏறினால் யார் வெளியேற்றப்படுவர் என்பவை அரசியல் பொருளாதாரக் கேள்விகள். அவற்றைக் கேட்கத் தவறினால் நமக்கும் சறுக்கல் நேரும். இடது முன்னணி ஆட்சியிலேயே அந்த ஈரநிலத்தில் உலக வர்த்தக மையம் அமைக்கும் திட்டம் எழுந்தது. 1992இல் உயர்நீதிமன்றத் தீர்ப்புதான் ஈரநிலத்தைக் காத்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. 2002இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இன்னொன்று. ‘ஆள்நுழைகுழி’ என்கிறோம். பெயரிலேயே ஆள் இருக்கிறார். எந்தச் சாதியைச் சேர்ந்த ஆள் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. ஆயினும் சாக்கடைக்குள் தொழிலாளர் மடிவது நிற்கவில்லை. மனிதர் இறங்கத் தேவையில்லாதபடி குழாயையும் குழியையும் வடிவமைப்பது பொறியியல் வேலை. அதை முதல் நிபந்தனையாக வைக்கும் பொறியாளருக்குச் சாதியின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் ஐஐடிகளில் கலை, மானுடவியல் பாடங்கள் கூடவேண்டும் என்கிறது. சொல்லளவில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் இன்று ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்பது பெரும்பாலும் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்களின் சரக்கு. அரசுப் பொறியியல் கல்லூரியில் படிக்கும் விவசாயி மகளுக்கு வரலாறு கற்பிக்க யார் இருக்கிறார்?

எனவே அரசுக் கல்லூரிகளில் இப்பாடங்களுக்கு நிரந்தர ஆசிரியர்களை நியமிக்கக் கோருவோம். ஒரு பருவமேனும் மாணவர்கள் கழிவுநீர்த் தொழிலாளரிடம் சென்று கற்பதும் பாடத்திட்டத்தில் சேரட்டும். அங்கே கற்பிக்கும் தொழிலாளிக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் தரப்படட்டும்.