நாலாவது ஆளுக்கு இடம்



நட்பைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நெடுநாள் நட்பைப் பற்றிப் பேசப் பலர் உண்டு. நான் அதன் முதல் ஐந்து நிமிடங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். முன்பின் தெரியாத இருவர் சட்டென்று ஒட்டிக்கொள்கிறார்களே, அது எதனால்? இதைத் தாம்பரத்தில் பேசுவது பொருத்தம். கடற்கரையிலிருந்து இங்கே மின்சார ரயில் வரத் தொடங்கிய 1931 முதல், தெரியாதவர்களோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து போய்வருகிற ஊர் இது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை. அப்பா சானடோரியத்தில் இருந்தார். காசநோயாளிகளுக்காக டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தொடங்கி, 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட அதே ஆஸ்பத்திரி. அப்பாவின் எக்ஸ்ரே கவரோடு சானடோரியம் ஸ்டேஷனில் மீட்டர்கேஜ் வண்டி ஏறினேன். கவரையும் ஸ்டேஷனையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று அந்த நோயின் மேல் இருந்த பயம் அப்படி. மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் இருந்த ஒருவர் மட்டும் உள்ளே தள்ளி உட்கார்ந்து, "இப்படி உக்காருங்க தம்பி" என்றார். நான் நாலாவது ஆள். அடுத்து அவர் கேட்டது, "எந்த வார்டு?"

'என்ன நோய்' என்று கேட்கவில்லை. 'எந்த வார்டு' என்று கேட்டார். தன் அம்மா அங்கே ஏழு மாதம் கிடந்ததைச் சொன்னார். பல்லாவரம் வருவதற்குள், அப்பா ரத்தமாகத் துப்பியதை, அம்மாவிடம்கூட மறைத்ததை, அவரிடம் சொல்லிவிட்டேன். சைதாப்பேட்டையில் அவர் இறங்கினார். அதன் பிறகு முப்பது வருஷம் என் நண்பராக இருந்தார்.

ஒரே ரசனை, ஒரே ஊர், ஒரே வேலை என்றால் மனம் ஒட்டும் என்பார்கள். அது பாதிகூட உண்மை இல்லை என்பது என் எண்ணம். நாம் முதலில் கேட்பது "எந்த ஊரு?" என்றுதான். நல்ல கேள்வி. ஆனால் அடுத்து "ஊர்ல எந்தத் தெரு?" என்று வந்தால் அது சாதியை எடைபோடும் கேள்வி, பதில் வந்ததும் கேட்டவர் முகம் மாறுவதை இந்த அவையில் பலர் பார்த்திருப்பீர்கள். அதே ஊர்ப் பெயரைக் கேட்டவுடன் "இந்த வருஷம் ஏரி நிறைஞ்சுதா?" என்று ஒருவர் கேட்டால், அவர் நம்மை உட்கார வைத்துவிட்டார் என்று பொருள். முதல் கேள்வியை அல்ல, அதற்கு அடுத்து வரும் கேள்வியைத்தான் நான் நம்புகிறேன். நாம் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறதா என்பது அதில் தெரியும்.

நம் இலக்கியம் இந்த ஒட்டுதலை முகம் பார்க்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. உறையூரில் மன்னன் கோப்பெருஞ்சோழன், பாண்டிய நாட்டுப் பிசிரில் புலவர் ஆந்தையார். இருவரும் சந்தித்ததே இல்லை. சோழன் உணவை விட்டு உயிர்துறக்க வடக்கிருந்தபோது, ஆந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். அவரும் வந்தார். நட்புக்குப் பழக்கம் வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சி போதும் என்கிற குறளுக்குப் பரிமேலழகர் காட்டுவதும் இந்த இருவரைத்தான். நான் அந்த ஒதுக்கிய இடத்தையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தாம்பரத்தில் ஏறுகிற சீசன் டிக்கெட்காரர், பல்லாவரத்தில் ஏறப்போகிறவருக்காகப் பையை வைத்து இடம் பிடிப்பதும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். (வள்ளுவர் அடுத்த அதிகாரத்திலேயே ஆராய்ந்து நட்புக் கொள் என்று எச்சரிப்பதையும் மறக்கவில்லை. ஆராய்வதற்கும் முதலில் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டுமே.)

ரயில் பேச்சுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. சிகாகோவின் புறநகர் ரயிலில் நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். சிலரைப் பக்கத்துப் பயணியிடம் பேசச் சொன்னார்கள். சிலரைப் பேசாமல் வரச் சொன்னார்கள். பேசியவர்களின் பயணமே இனிமையாக இருந்தது. ஆனால் முன்கூட்டிக் கேட்டபோது, தனியாக இருப்பதுதான் இனிமை என்று மக்கள் கணித்திருந்தார்கள். நாம் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வதும் அந்தத் தப்புக்கணக்கால்தான். எதிரே இருப்பவரும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்.

அந்தக் கணக்கு இங்கே ஒருமுறை உடைந்தது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்கள் மூழ்கின. பல வருஷம் பெயர் தெரியாமல் ஒரே தெருவில் இருந்தவர்கள் அன்றிரவு மாடிவீட்டில் ஒரே பாயில் படுத்தார்கள். இடம் விட்டவர் யார் என்பதைத்தான் இன்றும் அங்கே சொல்கிறார்கள். அதற்கு ஒரு வெள்ளம் வர வேண்டியிருந்ததே என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை யார் நினைவாக நடக்கிறதோ, அந்த ஆசிரியர், புதிதாக வரும் மாணவனை நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்த பிறகுதான் பெயர் கேட்பாராம்; அவர் மகள் சற்று முன் சொன்னார். இங்கே நாம் வரிசையாக, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு டீயைச் சொற்பொழிவுக்கு முன்பே கொடுங்கள். நாற்காலிகளை ரயில் சீட்டுப் போல எதிரெதிரே போடுங்கள். பேச்சாளரின் நேரத்தில் அரைமணி குறைந்தாலும் பரவாயில்லை.