முப்பத்தைந்தில் ஒரு பங்கு



கிழக்குத் தாம்பரத்தில் நான் குடியிருக்கும் தெருவின் கோடியில் ஒரு சிறு படிப்பகம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர் அங்கே கூடுவார்கள். ஒரு நாள் அவர்கள் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார்கள். கைக்காசைச் சேர்த்து வாங்கியது. உள்ளே நூற்றுக்கணக்கான பச்சை நிறப் பிளாஸ்டிக் துண்டுகள், மரத்தில் இலைகள் ஒட்டியிருப்பதுபோல், மெல்லிய பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை வெட்டி எடுத்து ஒட்டினால் ஒரு டாங்கி உருவாகும். உண்மையான டாங்கியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில்.

எனக்கு அப்போது உற்சாகம் ஏற்படவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போர்க்கருவியைப் பொம்மையாக்கி மகிழ்வதில் எனக்கு விருப்பமில்லை. “டாங்கிதான் வேண்டுமென்றால் ஆவடியில் செய்த விஜயந்தாவைச் செய்யலாமே? 1965-இல் முதல் விஜயந்தா வெளிவந்தது நம் சென்னைக்கு அருகில்தானே?” என்று கேட்டேன். அவர்களுக்குக் கிடைத்த பெட்டி இதுதானாம். பெட்டியின் மேல் பி.டி. 76 என்று எழுதியிருந்தது. சோவியத் நாட்டில் வடிவமைக்கப்பட்ட, நீரிலும் நிலத்திலும் செல்லக்கூடிய இலகு டாங்கி அது. நம் படையிலும் இருந்தது. இன்று ஓய்வு பெற்றுவிட்டது.

அந்த முப்பத்தைந்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்டார்கள். நூறு, ஐம்பது என்று முழு எண்ணாக இருந்தால் கணக்குக்கு எளிதல்லவா? இதற்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனத்தார் பாந்தர் என்ற ஜெர்மானிய டாங்கிக்கு மாதிரி ஒன்று செய்தார்கள். அதன் வயிற்றில் ஒரு சிறு மோட்டாரும் இரண்டு மின்கலங்களும் அடங்க வேண்டும். அவை அடங்கும் அளவுக்கு உடலை அமைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தபோது ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று வந்தது. அதுவே பின்னர் உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. டார்ச் விளக்கின் மின்கலம் ஓர் அளவுகோலுக்குத் தாயாயிற்று!

துண்டுகள் எவ்வாறு செய்யப்படுகின்றன என்பதை என் பழைய மாணவர் ஒருவர் வந்து விளக்கினார். கிண்டியில் 1968-இல் தொடங்கப்பட்ட பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமாகிய சிப்பெட்டில் பயின்றவர் அவர். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, மிகுந்த அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். உருகிய குழம்பு வாய்க்கால்கள் வழியாக ஓடி ஒவ்வொரு குழியையும் நிரப்புகிறது. வயல்களுக்கு ஏரி நீர் பாய்வதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்து இறுகியபின் வாய்க்கால்களே அந்தச் சட்டங்களாக நிற்கின்றன. குழம்பு மூலைமுடுக்கெல்லாம் பாய்ந்து நிரம்ப வேண்டுமானால் சுவர் ஓரளவு கனமாக இருந்தாக வேண்டும் என்றும் அவர் சொன்னார். அந்தச் சொல் எங்களுக்கு எவ்வளவு தேவைப்படப்போகிறது என்பதை அன்று நான் அறியவில்லை.

வேலை தொடங்கியது. அச்சின் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துண்டுகளைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தினோம். வெட்டிய இடத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்தோம். ஒட்டுவதற்குப் பயன்படுவது நாம் காகிதத்துக்குத் தடவும் பசை போன்றதன்று. அது ஒரு கரைப்பான். இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியால் ஒரு துளியை இடுக்கில் தொட்டால் அது தானே உள்ளே ஓடிப் பரவும். இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கும் சற்றே கரைந்து ஒன்றாகிவிடும். ஏறத்தாழப் பற்றவைப்பதற்கு நிகரான செயல். ஆவி தலையைச் சுற்றவைக்கும். சன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். ஒரு மாணவன் கரைப்பான் பட்ட இடத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டான். கைரேகை டாங்கியின் முதுகில் அப்படியே பதிந்துவிட்டது. அதைத் தேய்த்து அழிக்க ஒரு காலைப்பொழுது போயிற்று.

ஐந்தாறு வாரத்தில் உருவம் நிமிர்ந்தது. உடல் நீளம் சுமார் 20 செ.மீ., அகலம் 9 செ.மீ. உண்மையான டாங்கி ஏறத்தாழ 6.9 மீட்டர் நீளமும் 3.14 மீட்டர் அகலமும் உடையது. வகுத்துப் பார்த்தால் சரியாக வரும். பார்க்கக் கட்டுறுதியாக இருந்தது. “டாங்கி என்பது நகரும் எஃகுக் கோட்டை” என்று மாணவர்களிடம் சொன்னேன். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் சொல்லிவந்த வாக்கியம் அது.

அந்த வாரம்தான் அந்தப் பெரியவர் படிப்பகத்துக்குச் செய்தித்தாள் படிக்க வந்தார். சேலையூர்ப் பக்கம் குடியிருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இளமையில் படையில் இதே பி.டி. 76 டாங்கியின் ஓட்டுநராக இருந்தவர். எங்களுக்கு அது தெரியாது. மாதிரியைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பின்புறத்தில் நீரைப் பீய்ச்சித் தள்ளும் இரண்டு துவாரங்களைத் தொட்டார். முன்புறத்தில் மடிந்திருந்த பலகையைக் காட்டி, “தண்ணீரில் இறங்குமுன் இதை நிமிர்த்த வேண்டும், தம்பி. மறந்தால் அலை மேலேறி வரும்” என்றார். பிறகு, திறந்து வைத்திருந்த மேல்மூடியின் விளிம்பை இரு விரல்களால் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, “எல்லாம் சரி சார். ஆனால் இவ்வளவு கனமான தகடு எங்களுக்கு யார் கொடுத்தார்கள்?” என்று கேட்டார்.

நான் விடை சொல்ல இயலாமல் நின்றேன். மறுவாரம் ஒரு மாணவன் திருகு அளவி ஒன்றைக் கொண்டுவந்தான். அளந்தோம். பிளாஸ்டிக்கின் கனம் 1.2 மில்லிமீட்டர். முப்பத்தைந்தால் பெருக்கினால் 42 மில்லிமீட்டர். உண்மையான டாங்கியின் பக்கச் சுவரோ சுமார் 14 மில்லிமீட்டர்தான். கோபுரத்தின் முகப்பில்கூடச் சுமார் 20. மூடி அதைவிடக் கனமாக இருக்கக் காரணமில்லை. எங்கள் மாதிரியின் சுவர் கனம், அளவுப்படி பார்த்தால், மெய்யானதைப்போல் மூன்று மடங்கு!

ஏன் அவ்வளவு மெல்லிய தகடு? மிதக்க வேண்டுமே! அந்த டாங்கியின் எடை 14 டன். அது மிதக்க வேண்டுமானால் 14 டன் நீரை விலக்க வேண்டும் என்பது ஆர்க்கிமிடீசின் விதி. தகட்டைத் தடிப்பாக்கினால் எடை ஏறும். எடை ஏறினால் மூழ்கும். ஆகவே ஆற்றைக் கடக்கும் ஆற்றலுக்கு விலையாகக் கவசத்தைக் கொடுத்தார்கள். இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகளுக்கு ஓரளவு தாங்கும். எதிரி டாங்கியின் பீரங்கிக்கு முன் அது வெறும் தகரம். வடநாட்டு வீரர்கள் அதற்குப் ‘பிப்பா’ என்று பெயரிட்டிருந்தார்கள். நெய்யடைத்து விற்கும் தகர டின் என்று பொருள். காலி டின் மிதக்குமல்லவா?

அந்தத் தகரத்துக்குள் மூவர் அமர்ந்து போரிட்டார்கள். 1971 நவம்பர் 21-ஆம் நாள் விடியற்காலையில், இன்றைய வங்காளதேசத்தில் உள்ள கரீப்பூர் என்ற சிற்றூரில், 45-ஆம் குதிரைப்படையைச் சேர்ந்த பதினான்கு பி.டி. 76 டாங்கிகள் 14-ஆம் பஞ்சாப் காலாட்படையோடு நின்றன. போர் முறைப்படி தொடங்கியதே டிசம்பர் 3-இல்தான். அதற்கு முன்னரே நடந்த சண்டை இது. கண்ணை மறைக்கும் மூடுபனி. எதிரே வந்தவை ஷாஃபீ என்ற அமெரிக்க டாங்கிகள். நம்மவர் அசையாமல் மறைவிடங்களில் காத்திருந்து சுட்டார்கள். எதிரியின் டாங்கிகளில் பெரும்பகுதி அழிந்தது. நம் படைக்குத் தலைமை தாங்கிய மேஜர் தல்ஜித் சிங் நாராக், களம் தெரியவேண்டி மூடியைத் திறந்து எழுந்து நின்று கட்டளையிட்டபோது துப்பாக்கிக் குண்டுபட்டு இறந்தார். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. நாங்கள் விரலால் பிடித்துப் பார்த்த அந்த மூடி போன்ற ஒன்றின் பின்னால்தான் அவர் நின்றார்.

இதைச் சொன்ன பிறகு மாணவர்கள் வேலை செய்த முறையே வேறாகிவிட்டது. வெளியே தெரியும் விளிம்புகளையெல்லாம் மெலியவைக்க வேண்டும் என்று அவர்களே தீர்மானித்தார்கள். மூடியின் விளிம்பை உட்புறமாகத் தேய்த்து 0.4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவர மூன்று ஞாயிறுகள் ஆயின. முதல் மூடி ஒடிந்துபோயிற்று. அப்போது ஒருவன் வீட்டிலிருந்து காலியான எண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுவந்து அதிலிருந்து தகடு வெட்டினான். திருகு அளவியில் வைத்தால் 0.3 மில்லிமீட்டர்! இரண்டாவது மூடியையும், சக்கரங்களுக்கு மேலுள்ள மண்காப்புத் தகடுகளையும் அந்த டின்னிலிருந்தே செய்தோம். பிப்பாவுக்குப் பிப்பாவே தகடு கொடுத்தது.

வண்ணம் பூசும் கட்டத்தில் எனக்கு ஓர் இழுக்கு நேர்ந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்தது. பொறுத்திருக்கலாம் என்று மாணவர் சொல்லியும், நான் அவசரப்பட்டு வார்னிஷைத் தெளிக்கச் சொன்னேன். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. வார்னிஷ் வெண்மையாகப் பூத்துவிடுகிறது. இயற்பியல் படித்த நான் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். டாங்கி முழுவதும் சாம்பல் பூசியதுபோல் ஆயிற்று. தை பிறந்து வறண்ட காற்று வந்தபின் மீண்டும் பூசினோம்.

கடைசியாக மண். மாணவன் ஒருவன் பல்லாவரத்துக் குன்றடியிலிருந்து செம்மண் கொண்டுவந்து சலித்து வைத்திருந்தான். அந்தப் பல்லாவரத்தில்தான் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார் என்பதை அவனுக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்த மண்ணின்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் அதை இந்த டாங்கியின் மேல் பூசக் கூடாது என்றேன். கரீப்பூர் கங்கைச் சமவெளியின் வண்டல் பூமி. அங்கே சக்கரத்தில் ஒட்டுவது சாம்பல் நிறச் சேறு. நவம்பரில் அது நெல் வயல். செம்மண் பூசினால் அந்த டாங்கி தாம்பரத்தில் போரிட்டதாகிவிடும். அவன் முகம் வாடினாலும் ஒப்புக்கொண்டான். ஏரிக்கரைக் களிமண்ணை உலர்த்தி, கரித்தூள் கலந்து நிறத்தைச் சரிசெய்தோம். பெரியவர் பார்த்துவிட்டு, “சங்கிலிக்குள்ளே இன்னும் அப்புங்கள், அதைச் சுரண்டியே எங்கள் கை தேய்ந்தது” என்றார்.

திறந்த மூடியில் ஒரு வீரனின் உருவத்தை நிற்கவைக்கலாமா என்று விவாதம் நடந்தது. பெட்டிக்குள் உருவம் இருந்தது. பெரும்பாலோர் வேண்டாமென்றார்கள். மூடி திறந்தபடி, வெறுமையாக இருக்கிறது.

இப்போது அந்த மாதிரி படிப்பகத்தின் கண்ணாடிப் பெட்டியில் உள்ளது. பக்கத்தில் ஒரு சிறு அட்டை. அதில் இடம், நாள், அளவு மட்டும் எழுதியிருக்கிறோம். கண்ணாடிக்கு வெளியே, ஒரு மரக்கட்டையில், 14 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் துண்டு ஒன்றைப் பதித்துவைத்தான் எண்ணெய் டின் கொண்டுவந்த மாணவன். பட்டறையில் கேட்டு வாங்கிவந்தானாம். மாதிரியைத் தொடக் கூடாது. இதைத் தொட்டுப் பார்க்கலாம்.