சிறுநீரில் குருதி கண்டால்



ஒருநாள் சிறுநீரில் குருதி கலந்து வருகிறது. வலியில்லை, மறுநாள் நின்றும் விடுகிறது. “உடற்சூடுதான், இளநீர் குடித்தால் போகும்” என்று பால்வெட்டப் புறப்பட்டு விடுகிறோம். தாய்மார்களோ மாதவிலக்கென்று எண்ணி வாளாவிருந்து விடுகின்றனர். ஆனால் வலியின்றி வரும் குருதியே சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதன்மையான அறிகுறி. குருதி நின்றதனால் நோய் நின்றதாகாது.

சிறுநீர்ப்பை, தசையாலான ஒரு பை. அதன் உட்புறத்தை மெல்லிய சவ்வு போர்த்தியுள்ளது. பெரும்பாலான புற்றுகள் அச்சவ்விலேயே பிறக்கின்றன. அந்த அளவில் நிற்கும்போது, சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்திக் கட்டியை அகற்றலாம். தசைக்குள் இறங்கிவிட்டாலோ, அது நிணநீர்க் கணுக்கள், நுரையீரல், கல்லீரல், எலும்பு ஆகியவற்றுக்குப் பரவக்கூடும்.

அரிய வகைகள் சிலவும் உண்டு. கல் நெடுங்காலம் உறுத்திக்கொண்டிருந்தால் ஒருவகைப் புற்று தோன்றக்கூடும். ‘சிறு உயிரணுப் புற்று’ என்பது மிக விரைந்து பரவும். கண்டறியும்போதே பலருக்குத் தசைக்குள் இறங்கியிருக்கும். வெள்ளை வேர்நோயை நீங்கள் அறிவீர்கள். இலை மஞ்சளிக்கும்போது வேர் அழுகியிருக்கும். ஆகவே, காலந்தாழ்த்தலாகாது.

ரப்பருக்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு? பிரிட்டனின் ரப்பர் ஆலைகளில், ரப்பர் கெடாதிருக்கச் சேர்த்த ஒரு பொருளில் பீட்டா நாப்தைலமின் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அங்கு உழைத்தோருள் பலரை, ஆண்டுகள் பல கழிந்தபின் இந்நோய் பற்றியது. 1949இல் அப்பொருள் கைவிடப்பட்டது. அது ஆலையில் சேர்த்த வேதிப்பொருளின் கேடு. மரம் தரும் பாலின் கேடன்று. எனினும், ஆலையில் வேலை பார்த்தவர்கள் அதனை மருத்துவரிடம் மறவாது கூறவேண்டும்.

இந்நோய்க்குத் தலையாய காரணம் புகைபிடித்தல். சிகரெட்டாயினும் சுருட்டாயினும், அதன் நஞ்சு குருதியிற் கலந்து, சிறுநீராய்ப் பையில் தங்கிச் சவ்வைக் கெடுக்கிறது. இன்றே விட்டொழிப்பது நலம்.

குருதி கண்டோர்க்கெல்லாம் புற்றென்று அஞ்சவேண்டா. கல்லாலும் கிருமியாலும் அவ்வாறு வருவதுண்டு. எதுவென்று சொல்லவேண்டியவர் மருத்துவர், நாமல்லர். ஒருமுறை கண்டாலும் மருத்துவரிடம் சென்று சிறுநீரைச் சோதியுங்கள். தேவையானால், பைக்குள் கருவி செலுத்திப் பார்க்க அவர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார், தயங்காது செல்லுங்கள். ஒருநாள் சம்பளத்தை மறுநாள் ஈட்டிக்கொள்ளலாம். தவறவிட்ட காலத்தை ஈட்ட இயலாது.